கலியாணத்துக்கு எத்தனை போட்டோக்காரர் காணும்? ஒருவர், இருவர், மூவர் – ஓர் ஒப்பீடு

"அண்ணை, ரெண்டு பேர் வந்தால் காணுமோ, இல்லாட்டி மூண்டு பேரைப் பிடிக்கிறதோ?" கொட்டேசனைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்காத வீடு குறைவு. மாப்பிளை வீட்டுக்காரர் "நாங்கள் மூண்டு சொல்லியிருக்கிறம்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால் பொம்பிளை வீட்டில் நித்திரை போய்விடும்.

நான் கமரா பிடிக்கிறவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஸ்ரூடியோக்களுக்குக் கலியாண அல்பம் அடுக்கிக் கொடுக்கிறவன். கலியாணம் என்னிடம் வந்து சேருவது ஹார்ட் டிஸ்க்கில்தான். ஆயிரக்கணக்கான படங்களில் இருந்து நூற்றுச் சொச்சத்தைப் பொறுக்கும்போது எந்தப் படம் இருக்கிறது என்பதைவிட எந்தப் படம் இல்லை என்பதுதான் முதலில் என் கண்ணில் படும். அந்த இல்லாத படங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கச்சியின் கலியாணத்திலேயே ஒன்று இல்லை. ஒருவரைத்தான் பிடித்திருந்தோம். விடிய அவர் மாப்பிளை வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் முற்றத்தில் தங்கச்சிக்குத் தலையில் பாலறுகு (பாலில் நனைத்த அறுகம்புல்) வைத்துத் தோய வார்த்ததற்கு மிஞ்சியது ஒரேயொரு படம். சின்னம்மாவின் மகன் போனில் எடுத்தது. அதில் பாதியை ஆரோ ஒருவரின் முழங்கை மறைத்து நிற்கிறது. அறுகு வைக்கிற கை அம்மம்மாவுடையது என்று காப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். அம்மம்மா இப்போது இல்லை.

## முதலில் எதை எண்ணுவது?

பெரும்பாலான வீடுகள் அழைப்பிதழ்களை எண்ணுகின்றன. 300 பேர் என்றால் ஒருவர், 600 பேர் என்றால் இருவர் என்று ஒரு கணக்கு. நான் பார்த்த அளவில் இந்தக் கணக்கு உதவாது. 800 பேர் வந்தாலும் அவர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில், ஒரே மணவறையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போகிறார்கள். எண்ண வேண்டியது ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் சடங்கு நடக்கிறது என்பதை.

எங்கள் கலியாணத்தில் இது எங்கெங்கே பிரிகிறது என்று பாருங்கள்.

விடியற்காலை. மாப்பிளை வீட்டிலும் பொம்பிளை வீட்டிலும் பாலறுகு வைத்துத் தோய வார்ப்பது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். அங்கே தலைப்பாகை கட்டுகிற நேரம் இங்கே பொம்பிளைக்குச் சடைநாகம் என்ற தலைநகையைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வீடும் ஒரே ஊர் என்றால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஓடிச் சமாளிப்பார். மாப்பிளை பருத்தித்துறை, பொம்பிளை நல்லூர் என்றால்? யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை 30 கிலோமீற்றருக்கு மேல். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அதற்குள் இங்கே பொம்பிளை காரில் ஏறியிருப்பா.

மண்டபத்துக்கு வந்த பிறகும் ஓரிடம் பிரிகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கன்னிகாதானம் முடிந்து கூறைச் சேலையைக் கொடுத்ததும் பொம்பிளை அறைக்குள் உடுப்பு மாற்றப் போய்விடுவா. அதே நேரம் தாலித் தட்டம் சபைக்குள் இறங்கும். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். மணவறையில் மாப்பிளை தோழனோடு தனியே இருப்பார். மூன்று இடம். அறைக்குள் கூறையின் கொய்யகத்தை (முன்மடிப்பை) அக்கா பிடித்துவிடுகிற படம் அழகானது. வயதான பெரியப்பா நடுங்கும் கையால் தாலியைத் தொடுகிற படம் அதைவிட அழகானது. இரண்டையும் ஒருவரால் எடுக்க முடியாது.

அடுத்தது தாலிகட்டு. இங்கே இடம் ஒன்றுதான், வேண்டிய கோணங்கள் பல. மாப்பிளை எழுந்து நின்று குனிந்து கட்டுவார். தாலிக்கொடியின் சுரையைப் (திருகாணி) பூட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் அவருடைய தோளும் கையும் ஒரு பக்கத்தை மறைத்துவிடும். கெட்டிமேளம், அறுகரிசி மழை, முன்வரிசையில் இருந்து எழும்பும் முப்பது போன்கள். இந்த ஒரு நிமிடத்துக்குள் சுரை பூட்டும் விரல்கள், பொம்பிளையின் முகம், ஒதுங்கி நிற்கிற தாய் தகப்பனின் முகம் என்று மூன்று படம் வேண்டும். நல்ல கைக்காரர் ஒருவர் முதல் இரண்டை எடுத்துவிடுவார். மூன்றாவதுக்கு அவர் முதுகைத் திருப்பவேண்டும்; எந்தப் போட்டோக்காரரும் தாலிக்கு முதுகு காட்டமாட்டார்.

மிச்ச அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம்: மணவறையைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் குடும்பங்கள் வரிசையில் நின்று படம் எடுக்க எவ்வளவு நேரம், எல்லாம் முடிந்த பிறகு படங்களைத் தெரிவுசெய்ய வீட்டில் ஆருக்குப் பொறுமை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கொட்டேசனில் "5 பேர் டீம்" என்று இருந்தால் மயங்கவேண்டாம். பிரித்துக் கேட்டால் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு இருவர், ட்ரோனுக்கு ஒருவர், லைற் பிடிக்க ஒரு பொடியன் என்று வரும். போட்டோ எடுக்கப்போகிறவர் ஒருவரே. இந்தக் கட்டுரையில் நான் எண்ணுவது போட்டோக்காரரை மட்டும்.

## ஒருவர் மட்டும்

மலிவு என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடிப்பதில்லை. ஒரே கண்ணால் பார்த்த கலியாணம் அல்பத்தில் ஒரே கதையாக வரும். நிறம் ஒன்று, வெளிச்சம் ஒன்று. அடுக்குகிற எனக்கு அது பெரிய நிம்மதி. மணவறையும் நெரியாது, ஐயரும் முறைக்கமாட்டார்.

பொம்பிளை மாப்பிளை இருவரும் அவரோடு பழகிவிடுவதும் ஒரு லாபம். விடிய இருந்து பின்னேரம் வரை ஒரே முகம் கமராவுக்குப் பின்னால் நின்றால் பத்து மணிக்குப் பிறகு அவரை மறந்துவிடுவார்கள். மறந்த பிறகு வருகிற சிரிப்புத்தான் சிரிப்பு.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. ஒன்று, அவர் இல்லாத வீட்டுக் காலை முழுவதும் போய்விடும். மற்றது, கமரா பழுதானாலோ அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ கலியாணத்துக்குப் படமே இல்லை. ஆகவே ஒருவர்தான் என்று முடிவெடுத்தால் இரண்டாவது கமரா உடல் கொண்டுவருவாரா, அவருடைய கமராவில் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்ட்டில் பதிகிற வசதி இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். இந்தக் கேள்விக்குக் கோவப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

வரிசைப் படத்திலும் அவர் மாட்டுப்படுவார். 400 பேர், நாலு நாலு பேராக ஏறினால் 100 குழு. ஒரு குழுவுக்கு 40 செக்கன் என்று வைத்தாலும் 66 நிமிடம். அந்த ஒரு மணித்தியாலம் பந்தியில் நடக்கிற கூத்து, வெளியில் மாமாமார் கதைத்துச் சிரிப்பது, சின்னப் பிள்ளைகள் தவில்காரருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது எதற்கும் சாட்சி இல்லை.

ஒருவர் போதுமானது எப்போது? கோயிலில் எளிமையாகக் கட்டும்போது. பதிவுத் திருமணத்தின்போது. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே மண்டபத்தின் இரண்டு அறைகளில் வெளிக்கிடும்போது. எல்லாம் ஓரிடத்திலேயே நடக்கிற சின்ன வீட்டுக் கலியாணத்துக்கு இருவரைப் பிடிப்பது வீண் என்றே சொல்வேன்.

## ஒருவரும் ஓர் உதவிப் பொடியனும்

கொட்டேசன்களில் இது பெரும்பாலும் இருக்காது, நீங்கள்தான் கேட்கவேண்டும். பொடியன் படம் எடுப்பதில்லை. லைற் பிடிப்பான், "மாமா, கொஞ்சம் ஒதுங்குங்கோ" என்பான், அடுத்த குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்துவான். 66 நிமிட வரிசை 45 நிமிடமாகச் சுருங்குவதே இவனால்தான். மண்டபத்து விளக்குகள் மஞ்சளும் ஊதாவுமாக அடிக்கிற இடங்களில் சரியான பக்கத்தில் பிடித்த ஒரு லைற் இரண்டாவது கமராவைவிடக் கூடுதலாக உதவும்.

ஆனால் காலையில் இரண்டு வீட்டுப் பிரச்சினையை இது தீர்க்காது.

## இருவர்

யாழ்ப்பாணத்து மண்டபக் கலியாணத்துக்கு என் தெரிவு இதுதான். காரணம் மேலே சொன்ன பாலறுகு. ஆளுக்கொரு வீடு என்று விடிய ஐந்தரைக்குப் பிரிந்து போய், மண்டப வாசலில் சந்திக்கவேண்டும். வாசலில் பொம்பிளையின் சகோதரன் மாப்பிளைக்குக் கால் கழுவி, மாப்பிளை அவனுக்கு மோதிரம் போடுகிற நேரம் ஒருவர் முன்னால், மற்றவர் பக்கவாட்டில். தாலிகட்டின்போது ஒருவர் மணவறைக்குக் கிட்ட அகலமான லென்ஸோடு, மற்றவர் சபையின் ஓரத்தில் 70–200 போன்ற தூர லென்ஸோடு. தாயின் முகத்தை எடுக்கப்போவது இந்தத் தூரத்தில் நிற்கிறவர்தான். ஆகவே அவரிடம் "உங்கடை வேலை தாலி இல்லை, முகங்கள்" என்று முதலே சொல்லி வைக்கவேண்டும். சொல்லாவிட்டால் இருவரும் தோளோடு தோள் நின்று ஒரே படத்தை இரண்டு தரம் எடுப்பார்கள். எத்தனையோ ஹார்ட் டிஸ்க்கில் அதைப் பார்த்துவிட்டேன். தாலிகட்டில் 140 படம், அத்தனையும் ஒரே கோணம். இரண்டாவது ஆளுக்குக் கொடுத்த காசு அப்படியே தண்ணியில்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலாவது, அந்த இரண்டாவது ஆள் ஆர்? விளம்பரப் படங்கள் எல்லாம் முதலாமவருடையவை. உங்கள் வீட்டுக்குக் காலையில் வரப்போகிறவர் போன மாதம்தான் கமரா தூக்கப் பழகியவராக இருக்கலாம். ஆவணி மாதம் இது இன்னும் மோசம். வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறை, 25 நாள் நல்லூர்த் திருவிழா, அதையொட்டி கனடா, லண்டன் சனமெல்லாம் ஊரில். கலியாணங்கள் அடுத்தடுத்து வைக்கப்படும். ஸ்ரூடியோக்கள் ஒன்றிடம் ஒன்று ஆள் கடன் வாங்கும். ஆகவே இரண்டாவது ஆள் தனியே எடுத்த ஒரு முழுக் கலியாணத்தையும் காட்டச் சொல்லுங்கள். பொறுக்கி வைத்த இருபது படம் வேண்டாம்.

இரண்டாவது, கமராக்களின் மணிக்கூடு. விளையாட்டுக் கதை இல்லை. இரண்டு கமராவிலும் நேரம் ஒன்றாக இல்லாவிட்டால் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிளை காரில் இருந்து இறங்குவார். ஏழு நிமிட வித்தியாசத்தைச் சரிக்கட்ட நான் ஒருமுறை ஒரு முழு இரவு இருந்திருக்கிறேன். அதற்கு மேலே, ஒருவர் கனோனும் மற்றவர் சோனியும் வைத்திருந்தால் கூறைச் சிவப்பு இரண்டு சிவப்பாக வரும். எதிரெதிர்ப் பக்கத்தில் அந்த இரண்டையும் வைத்தால் வேறு வேறு சேலை என்றே நினைப்பீர்கள். கம்பியில்லாத பிளாஷ் பாவிப்பவர்கள் என்றால் இருவரும் வேறு வேறு சானலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அமத்த மற்றவருடைய பிளாஷ் வெடிக்கும்.

மூன்றாவது, உங்கள் நேரம். ஆளுக்கு 2000 படம் என்றால் 4000. படம் ஒன்றுக்கு 3 செக்கன் பார்த்தாலே 3 மணித்தியாலம் 20 நிமிடம். நாற்பது பக்க அல்பத்துக்கு வேண்டியது 120 அளவில். தெரிவுசெய்து தருகிறோம் என்று போன பொம்பிளை மாப்பிளை பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நேரம் வந்து கேட்பதும் நடக்கிறது. "முதல் வடிகட்டல் ஸ்ரூடியோ செய்யுமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

## மூவரும் அதற்கு மேலும்

மூன்றாவது ஆளுக்கு உண்மையான வேலை இருக்கிற கலியாணங்கள் உண்டு. இரண்டு வீடும் வேறு வேறு ஊர், மண்டபம் மூன்றாவது ஊர், அங்கே சோடனையும் நிறைகுடமும் முளைப்பாலிகையும் ஆள் வர முன்னரே எடுக்கப்படவேண்டும் என்றால் மூவர். காலையில் தாலிகட்டு, பின்னேரம் வேறு மண்டபத்தில் வரவேற்பு என்று நாள் நீண்டாலும் மூவர் நல்லது. பதினாறு மணித்தியாலம் நின்ற ஆளின் கடைசி மணித்தியாலப் படங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மற்றபடி மணவறையைச் சுற்றி மூன்று போட்டோ, இரண்டு வீடியோ, லைவ் ஒன்று என்று ஆறு பேர் நின்றால் சபைக்குத் தெரிவது கறுப்புச் சேட்டு முதுகுகள்தான். முன்வரிசையில் கதிரை பிடித்திருந்த அப்பாச்சி தாலிகட்டைப் பார்த்தது கூரையில் தொங்கிய ரிவியில் என்று ஒரு வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டார்கள். என்னிடம் வந்த அகலப் படங்களிலும் அதே முதுகுகள். ஒவ்வொரு படத்திலும் மற்றவர் நிற்கிறார். கணினியில் அழிக்கலாம்தான், அதற்கும் காசு.

சாப்பாடு, வாகனம், கொழும்பில் இருந்து வருகிற குழு என்றால் 400 கிலோமீற்றர் போக்குவரத்தும் தங்க அறையும். இவை தலைக்குத் தலை ஏறும். கொட்டேசனில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | ஒருவர் | ஒருவரும் உதவியாளும் | இருவர் | மூவர் |
|---|---|---|---|---|
| காலையில் இரண்டு வீடு | ஒரே ஊர் என்றால் மட்டும் | ஒரே ஊர் என்றால் மட்டும் | சரி | சரி, மண்டபமும் சேரும் |
| கூறை மாற்றும் நேரம் | ஓரிடம்தான் | ஓரிடம்தான் | இரண்டிடம் | மூன்றிடமும் |
| தாலிகட்டில் பெற்றோர் முகம் | அதிர்ஷ்டம் இருந்தால் | அதிர்ஷ்டம் இருந்தால் | முதலே சொல்லி வைத்தால் | கிடைக்கும் |
| மணவறை நெரிசல் | இல்லை | குறைவு | தாங்கலாம் | சபைக்கு மறைக்கும் |
| வரிசைப் படம் | இழுபடும் | கெதியாக முடியும் | ஒருவர் மேடையில், ஒருவர் பந்தியில் | அதேதான் |
| கமரா பழுதானால் | ஆபத்து | ஆபத்து | தப்பலாம் | தப்பலாம் |
| படம் தெரிவு | இலகு | இலகு | ஒரு நாள் வேலை | வீட்டில் சண்டை |

## வேறு சடங்குகள்

மேலே சொன்னதெல்லாம் சைவக் கலியாணத்தை வைத்து. தேவாலயத்தில் கணக்கு மாறும். பூசை நேரத்தில் பீடத்துக்குக் கிட்டப் போகப் பல பாதிரிமார் விடமாட்டார்கள். அசையாமல் நிற்கிற ஒருவரும் மேல்மாடத்திலோ பின்னாலோ நிற்கிற இன்னொருவருமே போதும்; மூன்றாவது ஆளுக்கு நிற்க இடமில்லை. நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் தனியாக இருப்பதால் எண்ணிக்கையைவிட ஒரு பெண் போட்டோக்காரர் கிடைப்பாரா என்பதுதான் கேள்வி. சைவக் கலியாணத்திலும் இதை யோசிக்கலாம். கூறை மாற்றுகிற அறைக்குள் ஆண் கமராக்காரர் போகமுடியாமல் கதவடியில் நிற்கிற நிமிடங்கள் எத்தனை!

நல்லூர்க் கோயிலுக்குப் போய் ஒரு படம் எடுப்போம் என்று திட்டம் வைத்திருந்தால், உள்ளே கமராவுக்கு இடமில்லை. வெளிவீதியோடு சரி. அதற்கு ஒருவர் காணும்.

தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலுக்கும் ஒருவர் காணும். மாப்பிளை வீட்டில் தட்டார் உருக்குகிறதைக் கிட்ட நின்று எடுக்கத் தெரிந்தவர் என்றால் சரி. கன்னிக்கால் நடுவதையும் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

## போட்டோக்காரர் தலையில் கட்டக்கூடாத வேலைகள்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் போடுவது தனி வேலை. காலை 10:30க்குத் தாலி என்றால் கோடையில் லண்டனில் காலை 6:00, ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டி 1:00. நித்திரை முழித்துப் பார்க்கிறவர்களுக்கு முக்காலியில் நிற்கிற ஒரு கமராவும் ஒழுங்கான இணையமும் வேண்டும். இரண்டாவது போட்டோக்காரரிடம் "அப்படியே போனிலையும் பிடியுங்கோ" என்று கொடுத்தால் உங்களுக்கு அன்றைக்கு இரண்டாவது போட்டோக்காரர் இல்லை.

ட்ரோனும் அப்படியே. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டிய விசயம். குடாநாட்டில் பலாலி விமான நிலையமும் படை முகாம்களும் இருக்கிற இடங்களில் இன்னும் கவனம். அனுமதி எடுப்பது ஆர் பொறுப்பு என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசில் இரண்டாவது ஆளைப் பிடிப்பேன். மண்டபக் கூரையை மேலிருந்து பார்த்து ஆருக்கு என்ன?

## அட்வான்ஸ் கொடுக்க முன்

ஒரு கடதாசியை எடுத்து நடுவில் கோடு கீறுங்கள். ஒரு பக்கம் மாப்பிளை வீடு, மறுபக்கம் பொம்பிளை வீடு. ஐயரிடம் கேட்டு விடியற்காலையில் இருந்து ஆரத்தி வரைக்கும் நேரத்தைப் போட்டு நிரப்புங்கள். ஒரே நேரத்துக்கு நேரே இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிற வரிகளுக்குக் கீழே கோடிடுங்கள். அந்தக் கோடிட்ட வரிகளில் உங்களுக்கு விட மனமில்லாதவை இரண்டோ மூன்றோ இருந்தால் இருவர். ஒன்றும் இல்லை என்றால் ஒருவரையும் ஓர் உதவிப் பொடியனையும் பிடியுங்கள். மிஞ்சும் காசில் நல்ல தாளில் அல்பம் அடிக்கலாம்.

பிறகு அதே கடதாசியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டோக்காரருக்கு அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் நேரே ஆர் நிற்பார் என்று பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். பெற்றோர் முகம் என்ற வரிக்கு நேரே ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.